ஆங்கில வினைச்சொல்லும் அது காட்டும் காலமும்



நான் மேல்வகுப்பு மாணவனாயிருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறி இப்பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். எங்கள் அயலிலே ஒரு மூதாட்டியார் இருந்தார். அவருடைய ஒரே மகன் தூரத்து நகரமொன்றிலே, ஆங்கிலத்தில் அலுவல் நடைபெறும் கந்தோர் ஒன்றில் இலிகிதராய் இருந்தார். ஒருமுறை மூதாட்டியார் கடுங் காய்ச்சலிற் படுத்தார். பதினான்கு நாளாகியும் காய்ச்சல் தணியவில்லை. மகனை அழைப்பிக்க வேண்டும். ஆனால் மகனுக்கு லீவு கொடுக்கவேண்டிய மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு ஆங்கிலத்திலே கடிதம் எழுதும் பொறுப்பு, அந்த ஒழுங்கையிலே ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த ஒரே பிள்ளையாகிய என்மீது விழுந்தது.

நானும் மிகுந்த பெருமிதத்தோடு எழுதினேன். "ஹிஸ் மதர் வொஸ் இல் ஃபோர் டூ வீக்ஸ்" என்பது கடிதத்தின் முதல் வாக்கியம். 'அவருடைய தாயார் இரண்டு கிழமையாக நோயாயிருக்கிறார்' என்று நான் எழுதிவிட்டதாக எனக்கு எண்ணம். மகன் வந்து பார்த்தால் நலமாயிருக்கும் என்பதையும் பணிவோடு சேர்த்திருந்தேன். ஒன்பதாம் நாள் மறுமொழி வந்தது. தாயார் இரண்டு கிழமை நோயுற்றிருந்து தேறியதையிட்டு மகிழ்ச்சி என்றும், மகன் தமது முறைப்படி அடுத்த மாதம் லீவில் வந்து பார்க்கலாம் என்றும் அந்த அதிகாரி மரியாதையாக எழுதியிருந்தார்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடிதத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு என் ஆசிரியரிடம் ஓடினேன். அவர் ஒருமுறை வாசித்தார். 'வொஸ்' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார். "தம்பி, இதிலே எழுத்துப்பிழை இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. பொய்தான் இருக்கிறது" என்றார். பின்னர் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு 'ஹாஸ் பீன்' என்று இரண்டு சொற்களை எழுதினார். அன்றே தந்தி போயிற்று. மூன்றாம் நாள் மகன் வந்து சேர்ந்தார். மூதாட்டியாரும் இறையருளாற் பிழைத்து நெடுங்காலம் வாழ்ந்தார். ஆயினும், படலையிலே காலடி கேட்கும்போதெல்லாம் "என்ரை பிள்ளை வந்திட்டானோ?" என்று அவர் கேட்ட அந்தப் பத்துப் பன்னிரண்டு இரவுகளை நான் மறக்கவில்லை. அவற்றுக்குக் காரணமானது ஒரு வினைச்சொல்.

அன்பர்களே, ஆங்கில வினைச்சொல்லில் நாம் செய்யும் பிழைகள் பல. அவற்றுட் சில கேட்பவருக்குச் சிரிப்பூட்டும், அவ்வளவே. வேறு சில, நாம் சொல்லக் கருதிய உண்மையையே மாற்றிவிடும். இந்த இரண்டாவது வகையையே நாம் முதலிற் காத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நம்முடைய தமிழிலக்கண அறிவே நல்லதொரு விளக்காகும் என்பதை இன்று எடுத்துக்காட்ட முயல்வேன்.

தமிழிலே காலம் மூன்று: இறப்பு, நிகழ்வு, எதிர்வு. தொல்காப்பியர் காலந்தொட்டு நாம் கற்றுவரும் பாகுபாடு இது. 'நடந்தான்' என்ற ஒரே சொல்லிலே, செய்தவன் ஆண் என்பதும், ஒருவன் என்பதும், படர்க்கையிடத்தான் என்பதும், செயல் இறந்த காலத்தது என்பதும் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் 'வோக்ட்' என்று சொன்னால் நடந்தது ஆணா, பெண்ணா, ஒருவரா, பலரா என்று ஒன்றும் தெரியாது. இவ்வகையில் ஆங்கில வினை ஏழையே. ஆனால் அது தன் செல்வத்தை வேறோரிடத்திற் சேர்த்து வைத்திருக்கிறது. நடந்து முடிந்த ஒரு செயல் பேசுகின்ற இந்த நேரத்தோடு எவ்வகையில் உறவுடையது என்பதை அது நுணுகி நுணுகிக் கேட்கிறது.

பாடசாலைகளிலே ஆங்கிலக் காலங்களைப் பன்னிரண்டு அறைகள் கொண்ட ஓர் அட்டவணையாக மாணவர் மனனஞ் செய்வதுண்டு. அட்டவணை பாடமாகும்; ஆயினும் எந்த அறைக்குள் எப்பொழுது புகவேண்டும் என்பது தெரியாது. காரணம், அறைகளைப் பிரிக்கும் கேள்வி சொல்லப்படாமையே. அக்கேள்வி இரண்டு பகுதியுடையது. 'செயல் எப்பொழுது நிகழ்ந்தது?' என்பது ஒன்று. 'அது முடிந்து கதவடைத்துக்கொண்டதா, அல்லது இன்றைய நாளை இன்னும் தொட்டுக்கொண்டு நிற்கிறதா?' என்பது மற்றொன்று. முதற் கேள்வி நமக்குப் பழக்கமானது. இரண்டாவதை ஆங்கிலம் ஒவ்வொரு முறையும் கேட்கிறது.

'ஐ சோ ஹிம்' என்பதும் 'ஐ ஹாவ் சீன் ஹிம்' என்பதும் இறந்த காலத்துக் காட்சியையே கூறுகின்றன. முன்னது, 'ஒரு நாளிலே, ஒரு பொழுதிலே அவரைக் கண்டேன். அது அன்றோடு முடிந்தது' என்னும் பொருளது. பின்னது, 'அவரைக் கண்ட அனுபவம் இன்று என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் அடையாளங் காட்டுவேன்' என்னும் பொருளது.

இந்த 'ஹாவ்' எங்கிருந்து வந்தது? 'உடையேன்', 'வைத்திருக்கிறேன்' என்று பொருள்படும் அதே சொல்தான் இது. பண்டை ஆங்கிலத்திலே, 'எழுதப்பட்ட நிலையிற் கடிதத்தை வைத்திருக்கிறேன்' என்ற கருத்திலே மக்கள் பேசினர். காலப்போக்கில் வைத்திருத்தல் என்ற பொருள் தேய்ந்தது. எழுதிய செயலின் பயன் இப்பொழுது கைவசம் இருக்கிறது என்னும் குறிப்பு மட்டும் எஞ்சியது. நம்முடைய வழக்கிலும் 'கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன்' என்கிறோமன்றோ? 'வந்திருக்கிறார்', 'படித்திருக்கிறேன்' என்பவற்றில் 'இரு' என்னும் நிகழ்கால வினை வந்து நிற்கிறதன்றோ? எங்கோ பிறந்த ஆங்கிலமும் இங்கே வளர்ந்த தமிழும், கடந்துபோன செயலை இன்றோடு முடிச்சுப் போடுவதற்கு ஏறக்குறைய ஒரே உத்தியைக் கண்டுபிடித்திருக்கின்றன.

ஆனால் இந்த ஒற்றுமையே நம்மை வழுக்கி விழச் செய்வதும் உண்டு. 'ஐ ஹாவ் சென்ற் த மணி யெஸ்டர்டே' என்று எழுதுவோர் எத்தனை பேர்! 'நேற்றுப் பணம் அனுப்பியிருக்கிறேன்' என்பது தமிழிற் குற்றமில்லாத வாக்கியம். ஆங்கிலமோ இதனை ஏற்காது. 'ஹாவ்' என்பது இன்று என்கிறது. 'யெஸ்டர்டே' என்பது நேற்று என்கிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டு நாட்களிலே காலை வைக்க ஆங்கில வினைக்கு இயலாது. நேற்று, சென்ற வாரம், 2019ஆம் ஆண்டில், ஐந்து மணிக்கு என்று முடிந்துபோன பொழுதைக் குறித்துவிட்டால், தனி இறந்தகாலமே வரவேண்டும். பொழுது குறியாதபோதும், இன்று, இந்த வாரம், இதுவரை, இப்பொழுதுதான் என்று முடியாத பொழுதைக் குறிக்கும்போதும் 'ஹாவ்' வரலாம். இது உலகமொழிகளுக்கெல்லாம் பொதுவான விதி அன்று. ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவாகிய ஜேர்மன் மொழியிலே இதே அமைப்போடு 'நேற்று' என்பது தடையின்றி வரும். ஆகவே இவ்விடத்திலே தடுமாறுகிறவர் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் தனிக்குணம் ஒன்றை அறிந்துகொண்டாற் போதும்.

இங்கே தமிழின் தனிக்குணம் ஒன்றையும் எண்ணிப் பார்ப்பது தகும். விடியற்காலையில் எழுந்து, முற்றம் நனைந்து கிடப்பதைக் கண்டு, 'இரவு மழை பெய்திருக்கிறது' என்கிறோம். மழையை நாம் காணவில்லை. ஈரத்தைக் கண்டு ஊகிக்கிறோம். கண்ணாற் கண்டவன் 'இரவு மழை பெய்தது' என்பான். இந்த நுட்பமான வேறுபாட்டை ஆங்கிலத்தின் 'ஹாஸ் ரெய்ன்ட்' காட்டாது. அங்கே ஊகத்தைச் சொல்ல 'மஸ்ற்' என்னும் துணைவினையை வரவழைத்து, 'மஸ்ற் ஹாவ் ரெய்ன்ட்' என்று சொல்ல வேண்டும். ஒரு மொழி வினையினாற் கூறுவதை மற்றொரு மொழி வேறு வழியாற் கூறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, என் கடிதத்தைக் கெடுத்த பிழைக்கு வருவோம். தொடங்கி இன்னும் முடியாத நிலையைத் தமிழர் நிகழ்காலத்தாற் கூறுவர். 'பத்து வருடமாக இவ்வூரில் இருக்கிறேன்' என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்குத் தனி நிகழ்காலமும் உதவாது. தனி இறந்தகாலமும் உதவாது. நிகழ்காலத்தைப் போட்டு 'ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபோர் டென் இயர்ஸ்' என்றால், கேட்பவருக்குக் கருத்து ஒருவாறு விளங்கும். பேசியவர் ஆங்கிலத்துக்குப் புதியவர் என்பதும் விளங்கும். இது சிரிப்பூட்டும் பிழை. ஆனால் இறந்தகாலத்தைப் போட்டு 'ஐ லிவ்ட் ஹியர் ஃபோர் டென் இயர்ஸ்' என்றால், வாக்கியம் இலக்கணப்படி குற்றமற்றது; பொருளோ தலைகீழ். 'பத்து வருடம் இங்கே இருந்தேன். இப்பொழுது இல்லை' என்றாகிவிடும். இதுதான் உண்மையை மாற்றும் பிழை. அதிலும் கொடுமை என்னவென்றால், வாக்கியம் திருத்தமாயிருப்பதால், படிப்பவருக்கு ஐயமே எழாது. அந்த மேலதிகாரிக்கு எழாததுபோல.

உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். 'ஐந்து வருடமாக ஆசிரியராய் இருக்கிறேன்' என்று கூற எண்ணி, 'ஐ வேர்க்ட் அஸ் எ டீச்சர் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதினால், வேலையை விட்டவர் என்றே கருதப்படுவார். நேர்முகப் பரீட்சையிலே, 'ஏன் விட்டீர்?' என்ற கேள்வி வரும். விண்ணப்பகாரர் திகைப்பார், அத்திகைப்பு அவர் எதையோ மறைக்கிறார் என்ற ஐயத்துக்கு இடமாகும். 'ஐ ஹாவ் வேர்க்ட்' என்று ஒரு சிறு சொல்லைச் சேர்த்திருந்தால் இந்த இடர்ப்பாடு நேராது. அவ்வாறே, உயிரோடும் தொழிலோடும் இருக்கும் தந்தையைப் பற்றி 'மை ஃபாதர் வொஸ் எ ஃபார்மர்' என்று எழுதினால், படிப்பவர் தந்தை அத்தொழிலை விட்டார் என்றோ, காலமாகிவிட்டார் என்றோதான் கொள்வார்.

இவ்விடத்து 'ஃபோர்', 'சின்ஸ்' என்னும் இரண்டு சொற்களையும் பிரித்தறிதல் வேண்டும். 'ஃபோர்' காலத்தின் நீளத்தை அளக்கும் கயிறு. 'சின்ஸ்' அந்தக் கயிற்றின் தொடக்கத்தைக் கட்டும் முளை. பத்து வருடம், மூன்று நாள், நெடுநேரம் என்பன நீளம், அவற்றுக்கு 'ஃபோர்'. திங்கட்கிழமை, 2010ஆம் ஆண்டு, காலை ஆறு மணி என்பன தொடக்கம், அவற்றுக்குச் 'சின்ஸ்'. தமிழிலும் 'மூன்று நாளாக', 'திங்கட்கிழமை முதல்' என்று இவ்விரண்டையும் நாம் வேறாகவே சொல்கிறோம். 'ஆக' வருமிடத்தில் 'ஃபோர்'. 'முதல்', 'தொடக்கம்' வருமிடத்திற் 'சின்ஸ்'. இதனை நினைவில் வைத்தவர் 'சின்ஸ் திரீ டேய்ஸ்' என்று எழுதார்.

பேச்சிலே காலம் மாறிவருவதும் உண்டு. 'சாப்பிட வா' என்று அழைத்தால், உள்ளறையிலிருந்து 'இதோ வந்துவிட்டேன்' என்கிறோம். ஆளோ இன்னும் அசையவில்லை! இது பொய்யன்று; விரைவு காரணமாக எதிர்காலம் இறந்தகாலமாகக் கூறப்படுகிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களாற் காலம் மயங்கி வரலாம் என்று பவணந்தி முனிவர் நன்னூலிலே இலக்கணம் வகுத்திருக்கிறார். ஆனால் இந்த உரிமையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே 'ஐ ஹாவ் கம்' என்றால், வந்து முன்னே நிற்க வேண்டும். உள்ளறையிலிருந்து சொல்வதானால் 'ஐ ஆம் கமிங்' என்பதே முறை.

அடுத்து, 'இங்' என்ற விகுதியைப் பற்றிச் சில சொல்வேன். 'போகிறேன்' என்னும் நம் நிகழ்கால வினை இரண்டு வேலை செய்கிறது. தெருவிலே நடக்கும்போது 'எங்கே போகிறாய்?' என்று கேட்டால், 'கடைக்குப் போகிறேன்' என்கிறோம். 'எந்தப் பாடசாலைக்குப் போகிறாய்?' என்று கேட்டாலும் 'போகிறேன்' என்றே விடை வரும். முன்னது இந்நேரத்துச் செயல். பின்னது நாள்தோறும் நிகழும் வழக்கம். ஆங்கிலம் இவற்றுக்கு இரண்டு உருவங்கள் வைத்திருக்கிறது. இந்நேரத்துச் செயலுக்கு 'ஐ ஆம் கோயிங்'. வழக்கத்துக்கு 'ஐ கோ'. 'வொட் ஆர் யூ டூயிங்?' என்றால் 'இப்பொழுது என்ன செய்துகொண்டிருக்கிறீர்?' என்பது பொருள். 'வொட் டூ யூ டூ?' என்றால் 'உமது தொழில் யாது?' என்பது பொருள். இரண்டாவது கேள்விக்கு 'நாற்காலியில் இருக்கிறேன்' என்று விடை கூறினால் கேட்டவர் என்ன நினைப்பார்!

வழக்கத்தைத் தமிழர் எதிர்கால வினையாலுங் கூறுவர். 'அவர் தினமும் கோயிலுக்குப் போவார்' என்கிறோம். இதனை அப்படியே பெயர்த்து 'ஹீ வில் கோ' என்று எழுதினால், ஆங்கிலம் படிப்பவர் அதை ஒரு வாக்குறுதியாகவோ, இனி நிகழப்போவதாகவோ கொள்வர். 'எங்கள் கடை எட்டு மணிக்குத் திறக்கும்' என்ற நம் அறிவித்தல், 'வில் ஓப்பின்' என்று மாறும்போது, இன்னும் தொடங்காத கடையைப் பற்றிய செய்தி போலாகிவிடலாம். வழக்கத்துக்கு 'ஓப்பின்ஸ்' என்பதே தகும்.

'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்' என்று பேசுவோரும் உளர். அறிதல், உடைமை, விரும்புதல், நம்புதல் முதலியவை நிலைகள், செயல்கள் அல்ல. நிலைக்கு நடந்துகொண்டிருத்தல் இல்லை. இதற்கும் தமிழே சான்று. 'எனக்கு அவரைத் தெரியும்' என்கிறோம். 'தெரிந்துகொண்டிருக்கிறது' என்று ஒருவரும் சொல்வதில்லை. 'எனக்கு இரண்டு சகோதரர் உண்டு' என்கிறோம். 'உண்டு' என்பதற்கு முக்காலமும் இல்லை. ஆகவே நம் வாயில் 'தெரியும்', 'உண்டு', 'பிடிக்கும்' என்று வருவனவற்றை ஆங்கிலத்தில் 'இங்' இன்றியே கூறுக. ஆனால் 'ஹாவ்' என்பது உண்ணுதலைக் குறிக்கும்போது செயலாகிவிடும். அப்பொழுது 'ஹாவிங் லஞ்ச்' என்பது பிழையன்று.

'டிட் நொற் வென்ற்' என்னும் பிழையைப் பற்றி ஆசிரியர்கள் சலித்துக்கொள்வார்கள். இங்கும் நம் மொழி கைகொடுக்கும். 'வந்தான்' என்பதன் மறுப்பு யாது? 'வரவில்லை'. இதிலே 'வர' என்பது காலங் காட்டாத எச்சம். மறுப்பை 'இல்லை' என்னும் சொல் தாங்குகிறது. 'வந்தில்லை' என்று இன்று எவரும் பேசார். ஆங்கிலத்திலும் அவ்வாறே: 'டிட்' என்பது இறந்தகாலச் சுமையைத் தானே தூக்கிக்கொண்டது, ஆகவே அடுத்துவரும் வினை வெறுங்கையோடு, 'கோ' என்று வந்தாற் போதும். ஷேக்ஸ்பியர் வாழ்ந்த காலத்திலே இந்த 'டூ' இன்றியும் மறுத்துப் பேசும் வழக்கம் நிலவியது. பின்னரே இது கட்டாயமாயிற்று.

இனி, ஆங்கிலேயரே தடுமாறும் இடமொன்றைக் காட்டுவேன். 'லை' என்பது கிடத்தல். 'லே' என்பது கிடத்துதல். குழப்பம் எங்கே என்றால், 'லை' என்பதன் இறந்தகாலம் 'லே'. கிடத்துதலைக் குறிக்கும் நிகழ்காலச் சொல்லும், கிடத்தலைக் குறிக்கும் இறந்தகாலச் சொல்லும் ஒரே உருவமாய் நிற்கின்றன. கிடத்தினேன் என்பதற்கு 'லெய்ட்' என்பது சொல். 'ஐ லெய்ட் த சைல்ட் ஒன் த மாற்' என்றால், 'குழந்தையைப் பாயிற் கிடத்தினேன்' என்பது. 'த சைல்ட் லே ஒன் த மாற்' என்றால், 'குழந்தை பாயிற் கிடந்தது' என்பது. தம் தாய்மொழியிலே பேசும் ஆங்கிலேயரும் அமெரிக்கரும், 'போய்ப் படு' என்று கூற எண்ணி, 'போய்க் கிடத்து' என்னும் பொருள்படப் பேசுவதை நாம் அடிக்கடி கேட்கலாம்.

தமிழ் மாணவனுக்கு இங்கே மயக்கம் வரவே கூடாது. தன்வினை, பிறவினை என்று சிறுவயதிலேயே கற்றவனன்றோ அவன்! கிட, கிடத்து, எழு, எழுப்பு, இரு, இருத்து, விழு, வீழ்த்து, திரும்பு, திருப்பு என்று பல இணைகள் நம்மிடம் உள்ளன. ஒரு காலத்தில் ஆங்கிலத்தின் முன்னோர் மொழியிலும் இப்படித் தன்வினையிலிருந்து பிறவினை ஆக்கும் விகுதி ஒன்று இருந்தது. அது சொல்லின் நடுவிலுள்ள உயிரை மாற்றிவிட்டுத் தான் மறைந்துபோயிற்று. அதன் எச்சங்களாய் இன்று சில இணைகளே மிஞ்சியிருக்கின்றன: இருத்தலுக்குச் 'சிற்', இருத்துதலுக்குச் 'செற்', விழுதலுக்கு 'ஃபோல்', மரத்தை வீழ்த்துதலுக்கு 'ஃபெல்', குடித்தலுக்கு 'டிரிங்க்', நனையச் செய்தலுக்கு 'டிரெஞ்ச்'. எழுதலுக்கு 'ரைஸ்', எழுப்புதலுக்கு 'ரெய்ஸ்' என்னும் இணையும் இவ்வகையினதே. ஆயினும் இவற்றுட் பின்னது வடநாட்டவராகிய நோர்ஸ் மக்களின் மொழியிலிருந்து வந்து சேர்ந்தது. வாக்கியத்திலே 'ஐ' உருபு ஏற்ற செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். 'குழந்தையை', 'கையை', 'விலையை' என்று இருந்தால், 'லே', 'ரெய்ஸ்' என்னும் பிறவினையைத் தேர்க. இல்லையாயின், தன்வினையே தகும்.

இதனையும் வெறும் சொல் நுணுக்கம் என்று தள்ளிவிடலாகாது. 'விலை ஏறியது' என்பதற்கு 'த பிரைஸ் ரோஸ்' என்பர். 'விலையை ஏற்றினார்கள்' என்பதற்கு 'தே ரெய்ஸ்ட் த பிரைஸ்' என்பர். முன்னதிலே பொறுப்பாளி இல்லை, பின்னதிலே உண்டு. கடைக்காரர் முன்னதைச் சொல்வார். வாங்குபவர் பின்னதைச் சொல்வார். எது உண்மை என்பதை வினைச்சொல்லே தீர்மானிக்கிறது.

நேயர்களே, எல்லா விதிகளும் ஒரே நிறையுடையன அல்ல என்பதையுங் கூறவேண்டும். எதிர்காலத்தைக் கூறும்போது தன்மையிடத்துக்கு 'ஷால்', முன்னிலைக்கும் படர்க்கைக்கும் 'வில்' என்று நம்மிற் பலர் மனனஞ் செய்தோம். ஜோன் வாலிஸ் என்னும் அறிஞர் 1653இல் இலத்தீன் மொழியில் எழுதிய ஆங்கில இலக்கண நூலிலே வகுத்த விதி அது. பின்வந்த இலக்கண ஆசிரியர் பலரும் அதனைப் போற்றினர். ஆயினும் மக்கள் வழக்கு அதனை முழுவதும் பின்பற்றவில்லை. இன்று தன்மையிலும் 'வில்' என்பதே பெருவழக்கு. ஆங்கிலத்துக்கு எதிர்காலம் என்ற தனி வினைவடிவமே இல்லை என்றும், 'வில்' என்பது ஒரு துணைவினையே என்றும், ரொட்னி ஹட்டில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கண நூல் கூறுகிறது. அமெரிக்கர், 'சாப்பிட்டுவிட்டாயா?' என்று கேட்கையில், பிரித்தானியர் 'ஹாவ்' இடும் இடத்தில் 'டிட்' இட்டுக் கேட்பதும் உண்டு. இவை நாட்டுக்கு நாடும் காலத்துக்குக் காலமும் மாறும் மரியாதைகள். இவற்றிலே தவறினால் உலகம் கவிழ்ந்துவிடாது, எவரும் ஏமாறமாட்டார்.

ஆனால் 'வொஸ்' என்பதற்கும் 'ஹாஸ் பீன்' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு மரியாதை பற்றியதன்று. அது, ஒரு தாய் தேறிவிட்டாளா, இன்னும் பாயில் இருக்கிறாளா என்பது பற்றியது. ஆகவே பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்போர், 'இது பிழை' என்று சிவப்பு மையாற் கோடிடுவதோடு நிற்கலாகாது. 'நீ எழுதியதன் பொருள் இது. நீ சொல்ல நினைத்தது இதுதானா?' என்று கேட்டல் வேண்டும். அப்பொழுது பிள்ளை விதிக்கு அஞ்சாமல், உண்மையை நாடித் தன் வாக்கியத்தைத் தானே திருத்தும். பிழைக்கு அஞ்சி வாயை மூடிக்கொள்ளும் பிள்ளையோ ஒரு மொழியையும் கற்கமாட்டாது.

ஆங்கிலத்திலே கடிதம் எழுதும் ஒவ்வொருவரும், உறையை ஒட்டுமுன், ஒவ்வொரு வினைச்சொல்லின் மேலும் ஒருமுறை விரலை வைத்துப் பாருங்கள். 'இது முடிந்துவிட்டதா? இன்னும் இருக்கிறதா?' என்று உங்களையே கேளுங்கள். விடையைத் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். 'இருந்தது' என்று வருகிறதா, 'இருக்கிறது' என்று வருகிறதா என்று கவனியுங்கள். என் ஆசிரியர் அன்று 'வொஸ்' என்ற சொல்லின்மேல் வைத்த விரலை நான் இன்றும் காண்கிறேன். எத்தனையோ கடிதங்களை எழுதிவிட்டேன். அந்த விரலை நினையாமல் ஒன்றையேனும் நான் ஒட்டியதில்லை.